பிறர் உடலில் புகுந்து உயிர் தப்பும் ஆட்டம்: 'தி தேர்ட் பர்த்டே' என்ற திகில் வீடியோ கேமும் அதன் அறிவியல் பின்னணியும் - ஒரு விரிவான பார்வை

பெரும்பாலான சண்டை வகை வீடியோ கேம்களில், உயிர்ப்பலம் குறையும்போது ஆட்டக்காரர் மருந்துப் பெட்டியைத் தேடி ஓடுவது வழக்கம். 2010ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் தேதி ஜப்பானில் வெளியான 'தி தேர்ட் பர்த்டே' என்ற விளையாட்டில் நிலைமை வேறு. இதில் ஆட்டக்காரர் தேட வேண்டியது, அருகில் உயிருடன் நிற்கும் மற்றொரு மனிதரை. ஒரு விசையை அழுத்தியதும் கதாநாயகியின் ஆன்மா தான் குடியிருந்த உடலை விட்டு அந்த மனிதரின் உடலுக்குள் பாய்கிறது. கைவிடப்பட்ட உடல் அடுத்த சில நொடிகளில் அரக்கர்களுக்கு இரையாகலாம். ஆட்டம் அதைப் பொருட்படுத்தாமல் தொடர்கிறது.

ஜப்பானின் ஸ்கொயர் எனிக்ஸ் நிறுவனமும், ஒசாகாவைச் சேர்ந்த ஹெக்ஸாடிரைவ் நிறுவனமும் இணைந்து சோனியின் பிளேஸ்டேஷன் போர்ட்டபிள், அதாவது பிஎஸ்பி என்ற கையடக்கக் கருவிக்காக இந்த விளையாட்டை உருவாக்கின. 2011ஆம் ஆண்டு மார்ச் இறுதியில் அமெரிக்காவிலும், ஏப்ரல் தொடக்கத்தில் ஐரோப்பாவிலும் இது விற்பனைக்கு வந்தது. வேறு எந்தப் புதிய கருவிக்கும் இது மாற்றி வெளியிடப்படவில்லை. எனினும், கையடக்கக் கருவியில் திகிலை உருவாக்க முடியுமா என்ற கேள்வி எழும்போதெல்லாம் இதன் பெயரும் உடன் பேசப்படுகிறது. பாராட்டும் கடும் விமர்சனமும் ஒருசேர இதைத் தொடர்கின்றன. இரண்டுக்கும் போதிய காரணங்கள் உண்டு.

நாவலில் தொடங்கிய கதை

இந்த விளையாட்டின் பெயரில் உள்ள 'மூன்றாவது' என்ற சொல், இது ஒரு தொடரின் மூன்றாம் பாகம் என்பதைச் சுட்டுகிறது. தொடரின் பெயர் 'பாரசைட் ஈவ்'. அதன் வேர் ஒரு நாவலில் உள்ளது. ஜப்பானின் தொஹோகு பல்கலைக்கழகத்தில் மருந்தியல் பயின்ற ஹிதேயாகி சேனா எழுதிய 'பாரசைட் ஈவ்' நாவல் 1995ஆம் ஆண்டு வெளியாகி, ஜப்பான் திகில் நாவல் பரிசை வென்றது. விபத்தில் மனைவியை இழந்த ஆய்வாளர் ஒருவர், அவளுடைய கல்லீரல் செல்களை ஆய்வகத்தில் வளர்க்கத் தொடங்குகிறார். அந்தச் செல்களுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாக்கள் தமக்கெனச் சிந்தனையும் திட்டமும் கொண்டவை என்பது மெல்ல வெளிப்படுகிறது. இதுவே நாவலின் கரு. 1997ஆம் ஆண்டு இது திரைப்படமாகவும் வந்தது.

அடுத்த ஆண்டே, அதாவது 1998இல், அன்றைய ஸ்கொயர் நிறுவனம் நாவலின் தொடர்ச்சியாக அமையும் ஒரு விளையாட்டை முதல் பிளேஸ்டேஷன் கருவிக்கு வெளியிட்டது. களம் ஜப்பானிலிருந்து நியூயார்க் நகருக்கு மாறியது. 1997ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் மாலை, கார்னகி அரங்கில் இசை நாடகம் நடந்துகொண்டிருக்கிறது. திடீரென்று பார்வையாளர்களின் உடல்கள் தாமாகவே தீப்பற்றி எரிகின்றன. அந்தக் கூட்டத்தில் பாதிப்பின்றி எழுந்து நிற்பவர் ஆயா பிரேயா என்ற இளம் பெண் காவலர். அடுத்த ஆறு நாட்களில் நகரம் காலியாகிறது. 'ஃபைனல் ஃபேன்டஸி' போன்ற கற்பனை உலகக் கதைகளுக்குப் பெயர்பெற்ற நிறுவனத்திடமிருந்து இத்தகைய படைப்பு வந்தது அன்று பலருக்கும் வியப்பளித்தது.

1999ஆம் ஆண்டு ஜப்பானில் வெளியான இரண்டாம் பாகம், புகழ்பெற்ற 'ரெசிடென்ட் ஈவில்' விளையாட்டின் பாணிக்கு நெருக்கமாகச் சென்றது. அதன் இயக்குநர் கெனிச்சி இவாவோ, முன்னதாக 'ரெசிடென்ட் ஈவில்' உருவாக்கத்திலும் பங்காற்றியவர். அதன்பின் பத்தாண்டுகளுக்கு மேல் தொடர் மௌனமாகவே இருந்தது. 2007ஆம் ஆண்டு மூன்றாம் பாகம் அறிவிக்கப்பட்டபோது, அது செல்போனுக்கான விளையாட்டாகவே திட்டமிடப்பட்டிருந்தது. பின்னரே பிஎஸ்பி கருவிக்கு மாற்றப்பட்டது.

செல்லுக்குள் ஒரு விருந்தாளி: எது அறிவியல், எது கற்பனை?

தொடரின் திகில் முழுவதும் ஓர் உண்மையான அறிவியல் செய்தியின் மேல் கட்டப்பட்டது என்பதால், அதைச் சற்று விரிவாகக் காண்பது அவசியமாகிறது.

நமது உடலின் பெரும்பாலான செல்களுக்குள் இழைமணி எனத் தமிழ்ப் பாடநூல்கள் குறிப்பிடும் மைட்டோகாண்ட்ரியாக்கள் உள்ளன. உணவிலிருந்து பெறும் ஆற்றலை, செல்கள் பயன்படுத்தக்கூடிய ஏடிபி என்ற வேதிப்பொருளாக மாற்றித் தருபவை இவையே. ஆனால் இவற்றுக்கு ஒரு விசித்திரமான தனித்தன்மை உண்டு. மனிதனின் மரபுப் பொருளான டிஎன்ஏவின் பெரும்பகுதி செல்லின் உட்கருவில் இருக்க, மைட்டோகாண்ட்ரியாக்கள் தமக்கென்று தனியாக ஒரு சிறு டிஎன்ஏவை வைத்துள்ளன. மனிதரில் அது 16,569 இணைகளும் 37 மரபணுக்களும் கொண்ட ஒரு வளையம். அந்த வளைய வடிவமும் பாக்டீரியாக்களை நினைவூட்டுவது.

இதற்கான விளக்கத்தை 1967ஆம் ஆண்டு அமெரிக்க உயிரியலாளர் லின் மார்குலிஸ் வலுவாக முன்வைத்தார். மைட்டோகாண்ட்ரியாக்கள் ஒரு காலத்தில் தனித்து வாழ்ந்த பாக்டீரியாக்கள். மிகத் தொன்மையான காலத்தில் மற்றொரு செல்லுக்குள் நுழைந்து, அங்கேயே நிலையாகத் தங்கிவிட்டன என்பதே அவரது வாதம். தொடக்கத்தில் ஐயத்துடன் பார்க்கப்பட்ட இக்கருத்து இன்று பாடநூல் அறிவாகிவிட்டது.

மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏ தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைகளுக்குச் செல்கிறது. இதைப் பயன்படுத்தி 1987ஆம் ஆண்டு ரெபெக்கா கான், மார்க் ஸ்டோன்கிங், ஆலன் வில்சன் ஆகிய ஆய்வாளர்கள் உலகின் பல பகுதிகளைச் சேர்ந்த 147 பேரின் மாதிரிகளை ஒப்பிட்டனர். தாய்வழியே பின்னோக்கிச் சென்றால், இன்றைய மனிதர் அனைவரின் மரபுக்கோடும் சுமார் 2 லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவில் வாழ்ந்த ஒரு பெண்ணிடம் சென்று சேர்வதாக 'நேச்சர்' இதழில் அவர்கள் எழுதினர். 'மைட்டோகாண்ட்ரியல் ஈவ்' அதாவது மைட்டோகாண்ட்ரியா வழி ஏவாள் என்ற பெயர் அந்தப் பெண்ணுக்கு நிலைத்தது. அன்று உலகில் இருந்த ஒரே பெண் அவர் என்பது இதன் பொருளன்று. மற்ற பெண்களின் தாய்வழிக் கோடுகள் இடையில் அறுந்துவிட்டன, அவ்வளவே. நாவலாசிரியரும் விளையாட்டை உருவாக்கியவர்களும் தங்கள் எதிர்நாயகிக்கு 'ஈவ்' என்று பெயரிட்டது இந்தப் பின்னணியில்தான்.

இனி கற்பனை. மைட்டோகாண்ட்ரியா சினம் கொண்டால் மனித உடல் தீப்பற்றுமா? பற்றாது. உடல் எடையில் பாதிக்கும் மேல் நீர். செல்களில் ஆற்றல் சிறு சிறு அளவுகளில், பல படிகளாக வெளியாகிறது. ஆனால் கதையை முற்றிலும் ஒதுக்கிவிட முடியாதபடி மற்றொரு உண்மையும் உள்ளது. சேதமடைந்த செல் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும் நிகழ்வில், மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து வெளியேறும் சைட்டோகுரோம் சி என்ற புரதம் முக்கியப் பங்கு வகிப்பதை 1996ஆம் ஆண்டு ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். ஆற்றல் தரும் உறுப்பே செல்லின் மரணத்துக்கும் அடையாளக்குறி காட்டுகிறது. சேனாவின் நாவல் அச்சேறிய மறு ஆண்டு இது வெளிவந்தது என்பது சுவையான தற்செயல்.

மீண்டும் ஒரு கிறிஸ்துமஸ் இரவு

'தி தேர்ட் பர்த்டே' கதை 2012ஆம் ஆண்டு டிசம்பர் 24ஆம் தேதி தொடங்குகிறது. முதல் பாகத்தின் இரவிலிருந்து சரியாகப் பதினைந்து ஆண்டுகள். விளையாட்டு வெளியானபோது அது எதிர்காலம். உலகம் அழியப்போகிறது என்று வதந்திகள் சுற்றிக்கொண்டிருந்த ஆண்டும் அதுவே. மன்ஹாட்டன் பகுதியின் நிலத்தைப் பிளந்துகொண்டு, வேர்களும் தசையும் பின்னியது போன்ற பேருரு ஒன்று எழுகிறது. அதற்கு 'பேபல்' என்று பெயரிடப்படுகிறது. அதனுடன் வந்த 'ட்விஸ்டட்' என்ற உயிரினங்கள் மனிதர்களை வேட்டையாடுகின்றன.

ஓராண்டுக்குப் பின், இப்பேரழிவை எதிர்கொள்ள சிடிஐ என்ற சிறப்புப் பிரிவு செயல்படுகிறது. அங்கே ஆயா பிரேயா பணியாற்றுகிறார். ஆனால் தம் பழைய நினைவுகள் எதுவும் அவருக்கு இல்லை. முந்தைய பாகங்களின் துணிச்சலான காவலர் இவரில்லை. தயக்கமும் அச்சமும் நிறைந்தவர். கடந்த காலத்துக்குத் தன் ஆன்மாவை அனுப்பி, அங்கிருப்பவரின் உடலில் புகுந்து நிகழ்வுகளை மாற்றும் 'ஓவர்டைவ்' என்ற ஆற்றல் அவருக்கு மட்டுமே உண்டு. அவர் கடந்த காலத்தில் ஒன்றை மாற்றிவிட்டுத் திரும்பும்போது, நிகழ்காலத்தில் வேறு ஏதேனும் மாறியிருக்கிறது. இறந்தவர் உயிருடன் இருக்கலாம். உடன் இருந்தவர் இல்லாமல் போகலாம். கதையின் இறுதித் திருப்பம் பெரியது என்பதால் அதை இங்கே தவிர்ப்பதே நன்று.

உடல் மாறும் விதி

இந்த விளையாட்டு மற்றவற்றிலிருந்து வேறுபடும் இடம் ஓவர்டைவ். கதையில் ஓர் அலங்காரமாக வந்துபோகாமல், ஆட்டத்தின் ஒவ்வொரு நிமிடத்தையும் ஆளும் விதியாக அது அமைந்துள்ளது.

களத்தில் ஆயா தனியாக இல்லை. அவருடன் பல படைவீரர்கள் போரிடுகிறார்கள். சில இடங்களில் போர்ப்பயிற்சி இல்லாத பொதுமக்களும் சிக்கியிருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனி உயிர்ப்பலம் உண்டு. ஆயா ஒருவரின் உடலில் புகுந்தால், அவருடைய உயிர்ப்பலம், அவருடைய ஆயுதம், அவர் நிற்கும் இடம் ஆகிய மூன்றும் ஆட்டக்காரருக்குச் சொந்தமாகின்றன. எதிரி நெருங்கிவிட்டால் தொலைவில் மறைந்திருக்கும் வீரருக்குத் தாவலாம். எதிரியின் பின்புறத்தைத் தாக்க வேண்டுமெனில், அங்கே நிற்பவரின் உடலைப் பெறலாம். எட்ட முடியாத மேல்தளத்தில் ஒருவர் இருந்தால் படிக்கட்டே தேவையில்லை. உயிருடன் ஒருவரும் மிஞ்சாத நிலையில், இருக்கும் உடலும் வீழ்ந்தால் ஆட்டம் முடிந்தது.

முதல் ஒரு மணி நேரத்தில் இது வெறும் உத்தியாகத் தோன்றும். ஆட்டம் கடினமாக ஆக, ஆட்டக்காரரின் பார்வையே மாறத் தொடங்குகிறது. துணை நிற்கும் வீரர்கள் தோழர்களாகத் தெரிவதில்லை. மிச்சம் இருக்கும் உயிர்களின் எண்ணிக்கையாகத் தெரிகிறார்கள். ஒரு வீரரின் உடலைக் கடைசித் துளி வரை பயன்படுத்திவிட்டு, அவர் சரியும் தறுவாயில் அடுத்தவருக்குத் தாவுவது இயல்பாகிவிடுகிறது. அதற்கு மாறாக, வீரர்களைப் பாதுகாத்து வைத்துக்கொள்பவருக்கே பின்னால் வழி பிறக்கும் என்பதையும் ஆட்டம் கற்பிக்கிறது. அவர்களை ஒரே எதிரியின் மீது ஒன்றாகச் சுடவைக்கும் 'கிராஸ்ஃபயர்' என்ற வசதியும் இதற்காகவே தரப்பட்டுள்ளது. ஆனால் அந்தப் பாதுகாப்பிலும் கணக்கு கலந்தே இருக்கிறது.

திரையில் மற்றொரு நுட்பமும் கவனிக்கத்தக்கது. எந்த வீரரின் உடலில் புகுந்தாலும், ஆட்டக்காரர் காண்பது ஆயாவின் உருவத்தையே. அந்த வீரரின் முகம் மறைந்துவிடுகிறது. செல்லுக்குள் நுழைந்த நுண்ணுயிர் ஒருநாள் உடலைக் கைப்பற்றிவிடும் என்று முதல் பாகம் அச்சுறுத்தியது. மூன்றாம் பாகத்தில் அந்த வேலையை ஆட்டக்காரரே செய்கிறார். தொடரின் பழைய ரசிகர்கள் பலர் இதில் மைட்டோகாண்ட்ரியா காணாமல் போய்விட்டதாகக் குறைபட்டனர். பெயரளவில் அது சரியே. கருத்தளவில் ஒட்டுண்ணி என்ற பழைய அச்சம், விளையாட்டின் விதிக்குள்ளேயே வந்து அமர்ந்துவிட்டது எனலாம்.

எதிரிகளின் உடலிலும் புக முடியும். தொடர்ந்து தாக்கி நிலைகுலையச் செய்த பின், சில நொடிகள் மட்டும் அதற்கான வாய்ப்பு திறக்கும். அப்போது உள்ளே பாய்ந்தால் பெரும் சேதம் விளைவதுடன், எதிரியின் டிஎன்ஏவும் கிடைக்கும். அதை ஒன்பது கட்டங்கள் கொண்ட பலகையில் பொருத்தி, ஆயாவின் திறன்களை வளர்த்துக்கொள்ளலாம். எந்த டிஎன்ஏவை எதனுடன் அடுத்தடுத்து வைக்கிறோம் என்பதைப் பொறுத்து அதன் வலிமை உயரும். அனுபவப் புள்ளிகள், படிநிலை உயர்வு, துப்பாக்கிகளை வாங்கி மேம்படுத்தும் வசதி ஆகியவையும் உண்டு. துப்பாக்கிச் சண்டை விளையாட்டுக்குள் பாத்திரத்தை வளர்த்தெடுக்கும் 'ரோல் பிளேயிங்' வகையின் இயல்பு நுழைவது இங்கேதான்.

சிறிய கருவி விதித்த எல்லைகள்

பிஎஸ்பி 2004ஆம் ஆண்டு டிசம்பரில் ஜப்பானில் அறிமுகமானது. 4.3 அங்குலத் திரை, 480க்கு 272 என்ற படப்புள்ளி அளவு, அதிகபட்சம் 333 மெகாஹெர்ட்ஸ் வேகம். தொடக்கக் கருவிகளில் இருந்த நினைவகம் 32 எம்பி மட்டுமே. 8 ஜிபி நினைவகம் கொண்ட இன்றைய சாதாரண செல்போன் அதைப் போல் 250 மடங்கு பெரியது. விளையாட்டுகள் யுஎம்டி என்ற 6 சென்டிமீட்டர் விட்டமுள்ள சிறு வட்டில் வந்தன. அதன் கொள்ளளவு 1.8 ஜிபி.

இவற்றைவிடப் பெரிய தடை வேறொன்று. வீட்டுத் தொலைக்காட்சியுடன் இணைக்கும் கருவிகளில் இரு கட்டைவிரல்களுக்கும் ஒவ்வொரு குமிழ் இருக்கும். ஒன்று நடக்க, மற்றொன்று பார்வையைத் திருப்ப. பிஎஸ்பியில் இருந்தது ஒரே ஒரு குமிழ். அக்காலத்தில் 'மான்ஸ்டர் ஹன்டர்' விளையாடிய ஜப்பானியர்கள், கட்டைவிரலால் குமிழையும் மடக்கிய ஆட்காட்டி விரலால் திசை விசைகளையும் ஒரே நேரத்தில் இயக்கும் ஒரு விநோதப் பிடியையே உருவாக்கிக்கொண்டனர். அவர்களது விரல் மூட்டுகளின் நிலை என்னவாயிற்று என்பது வேறு கதை.

'தி தேர்ட் பர்த்டே' இத்தடையை இரு வழிகளில் கடந்தது. குறி வைப்பதை ஒரு விசையிடம் ஒப்படைத்தது; அதை அழுத்தினால் துப்பாக்கி தானாகவே எதிரியை நோக்கித் திரும்பும். எனவே துல்லியமாகச் சுடுவது சவாலாக இல்லாமல், எங்கே நிற்பது, எப்போது உடல் மாறுவது என்பதே சவாலானது. ஓடித் தப்புவதற்கும் சுற்றிச் சென்று தாக்குவதற்கும் தேவையான விரல் வித்தையை ஓவர்டைவ் ஒரே விசையில் முடித்தது. இரண்டாவது குமிழ் இல்லாத குறையிலிருந்து பிறந்த தீர்வு இது என்றே ஆட்டத்தைப் பார்ப்பவருக்குத் தோன்றும். ஹெக்ஸாடிரைவ் நிறுவனத்தின் கைத்திறனால் காட்சிகளின் தரமும் அந்தக் கருவியின் உச்சத்தைத் தொட்டது. வெளியான காலத்தில் விமர்சகர்கள் பெரிதும் ஒருமித்துப் பாராட்டியது இந்த அம்சத்தையே. இசையமைத்தவர்களில் முதன்மையானவர், முதல் பாகத்துக்கும் இசை தந்த யோகோ ஷிமோமுரா.

காதில் ஒலிப்பானை மாட்டிக்கொண்டு, முகத்துக்கு ஓர் அடி தொலைவில் வைத்து விளையாடும் சிறு திரை, திகிலுக்குப் பகை என்று கருதத் தேவையில்லை. திரைக்கு வெளியே என்ன இருக்கிறது என்று தெரியாத குறுகிய பார்வை அச்சத்தைக் கூட்டவே செய்கிறது. ஆனால் இந்த ஆட்டத்தில் அந்தக் குறுகிய பார்வை சில நேரங்களில் அநியாயமாகவும் மாறுகிறது. நெருக்கமான அறைகளில் பெரிய எதிரி பாயும்போது, அது எங்கிருந்து வருகிறது என்று தெரியாமலே உயிர் போவது உண்டு.

ஏன் இவ்வளவு கடினம்?

இயல்பான கடினநிலையிலேயே பல எதிரிகள் ஓரிரு அடியில் ஓர் உடலை வீழ்த்திவிடுவார்கள். அதற்கு மேலும் பல கடினநிலைகள் உள்ளன. மிக உச்சத்தில் உள்ள நிலைக்கு 'ஜெனோசைட்' என்று பெயர். பெயரே எச்சரிக்கை. 'ரீப்பர்' என்ற எதிரியைக் கண்டால் அனுபவசாலிகளும் விலகிச் செல்லவே விரும்புவார்கள்.

இந்தக் கடினத்தில் நியாயமான பகுதியும் உண்டு, நியாயமற்ற பகுதியும் உண்டு. உடல்களின் எண்ணிக்கை குறையக் குறைய, தவறு செய்வதற்கான இடமும் குறைகிறது. பத்து வீரர்களுடன் தொடங்கிய அறையில் இறுதியில் ஒருவராக நிற்கும்போது, முன்பு வீணாக்கிய ஒவ்வோர் உடலும் நினைவுக்கு வரும். இது நல்ல வடிவமைப்பு. தோல்விக்கான காரணம் ஆட்டக்காரருக்கே தெளிவாகத் தெரிகிறது. ஆனால், துணை வீரர்கள் சில வேளைகளில் அறிவின்றி எதிரியின் வாயிலேயே போய் நிற்பார்கள். அவர்களை நம்பி வகுத்த திட்டம் ஆட்டக்காரரின் பிழை ஏதுமின்றியே சரிந்துவிடும். இதைச் சவால் என்று ஏற்பது கடினம்.

மறைக்க முடியாத குறைகள்

ஆயா அடி வாங்கும்போது அவரது உடை கிழிகிறது. கிழியக் கிழியப் பாதுகாப்பும் குறைகிறது. உருவாக்குநர்கள் இதை ஆட்ட விதியாக முன்வைத்தாலும், காட்சிப்படுத்திய விதம் கவர்ச்சிக்காகவே என்று மேற்கத்திய விமர்சகர்கள் பலரும் கண்டித்தனர். அந்தக் கண்டனத்தை மிகை என்று ஒதுக்க இயலாது. கவசம் சேதமடைவதைக் காட்டப் பல வழிகள் இருந்தன. 1998இல் ஜீன்ஸ் அணிந்து, துப்பாக்கியுடன் நகரத்தையே காத்த காவலரை அறிந்தவர்களுக்கு இது கூடுதல் ஏமாற்றம். அவரது நடத்தை மாறியதற்குக் கதை தன் முடிவில் ஒரு காரணம் சொல்கிறது. உடை விவகாரத்துக்கு அந்தக் காரணம் போதவில்லை.

கதை சொல்லும் முறையும் குழப்பமானது. காலம் முன்னும் பின்னும் மாறும்போது, என்ன மாறியது என்பதை ஆட்டம் காட்சிகளில் சொல்வதைவிடப் படிப்பதற்கான கோப்புகளில் வைத்திருக்கிறது. அவற்றைப் படிக்காதவர் பாதிக் கதையைத் தவறவிடுவார்.

இன்று எங்கே இருக்கிறது?

இந்த விளையாட்டின் இயக்குநர் ஹாஜிமே தபாதா. பிஎஸ்பி கருவிக்காக அவர் இயக்கிய மற்ற இரு பெரிய விளையாட்டுகளுக்கு நல்ல காலம் வாய்த்தது. 2011ஆம் ஆண்டின் 'ஃபைனல் ஃபேன்டஸி டைப் ஜீரோ' 2015இல் புதிய கருவிகளுக்கு மெருகேற்றி வெளியிடப்பட்டது; அப்பணியைச் செய்ததும் ஹெக்ஸாடிரைவ் நிறுவனமே. 2007ஆம் ஆண்டின் 'கிரைசிஸ் கோர்' 2022 டிசம்பரில் புத்துயிர் பெற்றது. 'தி தேர்ட் பர்த்டே' மட்டும் பழைய கருவியுடனேயே நின்றுவிட்டது.

பிஎஸ்பி உற்பத்தி 2014இல் முடிவுக்கு வந்தது. 2021ஆம் ஆண்டு மார்ச்சில், பிளேஸ்டேஷன் 3, வீட்டா, பிஎஸ்பி ஆகிய மூன்று கருவிகளுக்கான இணையக் கடைகளையும் மூடப்போவதாக சோனி அறிவித்தது. எதிர்ப்பு எழுந்ததால் அடுத்த மாதமே முதல் இரண்டைப் பொறுத்தவரை முடிவைத் திரும்பப் பெற்றது. பிஎஸ்பி தொடர்பான முடிவில் மாற்றம் செய்யப்படவில்லை.

இது ஒரு விளையாட்டின் பிரச்சினை மட்டுமன்று. அமெரிக்காவில் 2010ஆம் ஆண்டுக்கு முன் வெளியான விளையாட்டுகளில் 87 சதவீதம் இன்று முறையான விற்பனையில் கிடைப்பதில்லை என்று, அந்நாட்டின் வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளையும் மென்பொருள் பாதுகாப்பு வலையமைப்பும் 2023 ஜூலையில் வெளியிட்ட ஆய்வு தெரிவித்தது. ஒரு நூல் பதிப்பில் இல்லாமல் போனாலும் நூலகத்தில் கிடைக்கும். விளையாட்டு அவ்வாறில்லை, வட்டு இருந்தாலும் அதை ஓட்டும் கருவி வேண்டும். நூலகங்கள் தம்மிடமுள்ள பழைய விளையாட்டுகளை ஆய்வாளர்கள் தொலைவிலிருந்தே இயக்கிப் பார்க்க அனுமதிக்க வேண்டும் என்ற கோரிக்கையை, 2024 அக்டோபரில் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் ஏற்க மறுத்தது. விளையாட்டு நிறுவனங்களின் தரப்பு இதை எதிர்த்திருந்தது.

இந்திய இளைஞர்கள் பலருக்கு பிஎஸ்பி என்பதே செல்போனில் இயங்கும் 'பிபிஎஸ்எஸ்பிபி' என்ற செயலி வழியாக அறிமுகமான ஒன்று. பழைய கருவியின் செயல்பாட்டை மென்பொருளாகப் போலச்செய்யும் எமுலேட்டர் வகையைச் சேர்ந்த இது, 2012இல் முதன்முதலில் வெளிவந்தது. தனது செயலிக் கடையில் இத்தகைய மென்பொருட்களை நெடுங்காலம் தடுத்துவந்த ஆப்பிள் நிறுவனம் விதியைத் தளர்த்தியதை அடுத்து, 2024 மே மாதம் ஐபோனுக்கும் வந்தது. இங்கே ஒரு வேறுபாட்டை நினைவில் கொள்ள வேண்டும். பழைய கருவியைப் போலச்செய்யும் மென்பொருளுக்கு அமெரிக்க நீதிமன்றங்கள் தடை விதிக்கவில்லை. 2000ஆம் ஆண்டு சோனி தொடர்ந்த வழக்கில் கனெக்டிக்ஸ் நிறுவனத்துக்குச் சாதகமாக வந்த மேல்முறையீட்டுத் தீர்ப்பு இதற்கு முன்னுதாரணம். ஆனால் விளையாட்டின் நகலை இணையத்தில் இலவசமாகப் பதிவிறக்குவது பதிப்புரிமை மீறலாகும். செயலி சட்டப்படியானது என்பதால், அதில் ஓடும் அனைத்தும் சட்டப்படியானவை ஆகிவிடா.

பயன்படுத்திய பொருட்கள் விற்கும் கடைகளில் பழைய பிஎஸ்பியும் இந்த யுஎம்டி வட்டும் கிடைத்தால், வாங்குவதற்கு முன் இரண்டைக் கவனிக்க வேண்டும். கருவியின் லித்தியம் மின்கலம் உப்பியிருந்தால் அதைப் பயன்படுத்தக் கூடாது. வட்டைச் சுழற்றும் பகுதி நகரும் உறுப்பு என்பதால் தேய்ந்திருக்கலாம். படிக்கும் ஒலி கரகரப்பாக இருந்தால் வட்டைச் செருகி ஓட்டிப் பார்த்தே வாங்க வேண்டும். அமெரிக்கத் தர மதிப்பீட்டில் இது 17 வயதுக்கு மேற்பட்டோருக்கான விளையாட்டு என்பதைப் பெற்றோர் கருத்தில் கொள்வது நல்லது. புதிதாகத் தொடங்குபவர்கள் எளிய நிலையில் ஒருமுறை கதையை முடித்துவிட்டு, பின்னர் கடினநிலைக்குச் செல்லலாம். படிநிலை உயர்வும் ஆயுதங்களும் அடுத்த சுற்றுக்கும் உடன் வரும்.